புருஷனை வெளியே அனுப்பும் பாடம்

கிராண்ட்வியூ,
செப்டம்பர் 9

அன்பு மகள் அராசெலிக்கு அப்பா எழுதிக்கொண்டது. அலாஸ்காவில், உன் கோடியாக் தீவில் மழை விட்டதா, உன் சளி விட்டதா, பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகள் உன்னைப் படுத்த ஆரம்பித்துவிட்டார்களா, எல்லாவற்றுக்கும் பதில் போடு. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் இத்தனை வருஷமாக எல்லாக் கடிதத்தையும் ஆரம்பித்திருக்கிறேன், என் அம்மா சாகக் கிடந்தபோதுகூட மெக்சிகோவிலிருந்து, நம் மிச்சோவக்கானிலிருந்து எனக்கு அப்படித்தான் எழுதினார்கள், ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. உட்கார்ந்து படி. பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நம் வீட்டில் போன் என்றால் நான் பேசுவேன், உன் அம்மா பின்னால் நின்று தலையாட்டுவாள், அது உனக்கே தெரியும். இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

முதலில் சின்னச் செய்திகளை முடித்துவிடுகிறேன். மலைப்பக்கம் காடு எரிந்து பத்து நாளாக ஊரெல்லாம் புகை, துணி காயப்போட முடியவில்லை. ஹாப்ஸ் கொடி அறுவடை நடக்கிறது, பீர் கம்பெனிகளுக்கு இரவு பகலாக லாரி ஓடுகிறது. என் இடது முழங்கால் ஏறும்போது ஒரு சத்தம் இறங்கும்போது ஒரு சத்தம் போடுகிறது. உன் தம்பி ரூபென் பாஸ்கோவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து புல் வெட்டிக் கொடுத்தான், வெட்டியதைவிடத் தின்றதுதான் அதிகம். வீட்டு வேலை இப்போது நான்தான் பார்க்கிறேன். பீன்ஸ் வேகவைக்கத் தண்ணீர் எவ்வளவு என்று அறுபத்தாறு வயதில் படிக்கிறேன், இரண்டு சட்டி கரியாகிவிட்டது. ஏன் நான் சமைக்கிறேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

ஜூன் மாதம் தேவாலயத்தில் பூசை முடிந்து வாசலில் நின்றபோது மிஸ் ஹாலோரன் என்று ஒருவர் வந்து பேசினார் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கும். இங்கே பக்கத்துக் கல்லூரியில் நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், புத்தகமெல்லாம் கரைத்துக் குடித்திருக்கிறார்கள், ஆனால் நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை, நாம் கேட்காமலே திரும்பிப் போய்விடுகிறோம், மருந்தை நிறுத்திவிட்டுச் சொல்லாமல் இருக்கிறோம், அதற்குப் பயிற்சி வேண்டும், வயதான ஒரு ஜோடி வந்து நோயாளி மாதிரி நடிக்க முடியுமா என்று கேட்டார். உன் அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் 'நாங்க ரெண்டு பேரும் வர்றோம் மிஸ், எழுதிக்குங்க' என்று சொல்லிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மகளே, அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

வியாழக்கிழமை தோறும் போனோம். அங்கே ஒரு பெரிய அறையை அப்படியே ஆஸ்பத்திரி மாதிரி தடுத்து வைத்திருக்கிறார்கள், கட்டில், எடை மெஷின், கை கழுவும் தொட்டி, வெளியே முன் மேசை, எல்லாம் உண்டு, நோய் மட்டும்தான் இல்லை. எப்படி நடிக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள், பெயருக்கு முன்னால் டோன், டோன்யா என்று மரியாதைகூடப் போட்டிருந்தது. அதில் உன் அம்மா பெயர் டோன்யா ஒஃபேலியா, சர்க்கரை வியாதிக்காரி, மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறாள், அதை யாரிடமும் சொல்ல மாட்டாள். நான் அவள் புருஷன் டோன் சில்வெஸ்த்ரே, அவளை எதைக் கேட்டாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். வருகிற மாணவி எப்படியாவது என்னை நாசூக்காக வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் உண்மையை வாங்க வேண்டும், அதுதான் பாடம். நான் எப்படி நடித்தேன் என்கிறாய். 'இவ்வளவு இயல்பா யாருமே செய்ததில்ல டோன் எவோடியோ' என்று மிஸ் ஹாலோரன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வீடு வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். உன் அம்மா கார் ஜன்னல் வழியாகத் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பாவம், பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். ஒரு பையன் எங்களுக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்தினான். ஒருத்தி கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினாள், கம்ப்யூட்டருக்குத்தான் சர்க்கரை போலிருக்கிறது. இன்னொருத்தி கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே 'ஏதாவது சந்தேகம் இருக்கா?' என்றாள், யார் கேட்பார்கள்? எல்லாவற்றுக்கும் நாங்கள் 'சரிங்க மிஸ், சரிங்க மிஸ்' என்று தலையாட்டினோம், எல்லோரும் புரிந்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார்கள். கடைசியில் மிஸ் ஹாலோரன் என்னையே பேசச் சொன்னார். நான் எழுந்து நின்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன், 'பிள்ளைங்களா, நாங்க சரின்னு சொன்னா உங்க மேல மரியாதை இருக்குன்னு அர்த்தம், புரிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. முதல்ல உக்காருங்க. எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்கன்னு கேளுங்க. அப்புறம் நீங்க சொன்னதை எங்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்க.' எல்லோரும் கை தட்டினார்கள். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அந்த வகுப்பில் ஷெல்பி என்று ஒரு பெண். ரிட்ஸ்வில் பக்கம் கோதுமை விவசாயி மகள், ஒட்டகச்சிவிங்கி உயரம், சணல் நிறத்தில் முடி. நான்கு கோடைக்காலம் செர்ரிப் பழம் பொறுக்கிப் பெட்டி போடுகிற கொட்டகையில் நம் பெண்களோடு நின்று வேலை பார்த்து ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவள், அதனால் அவளுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே திட்டத் தெரியும். ஜூலைக் கடைசியில் ஒரு வியாழன் அவள் முறை வந்தது. வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உன் அம்மாவிடம் 'டோன்யா, நீங்க கொட்டகையில நின்னிருக்கீங்களா? உங்க கையைப் பார்த்தா தெரியுது' என்றாள். நான் 'இருபத்திரெண்டு வருஷம் நின்னிருக்கா' என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு 'டோன் சில்வெஸ்த்ரே, முன் மேசையில உங்க இன்ஷூரன்ஸ் அட்டையைக் கேக்குறாங்க, உங்களைத்தான் கேக்குறாங்க, வீட்டுத் தலைவர் கையெழுத்து வேணுமாம்' என்றாள். நானும் தொப்பியைச் சரி செய்துகொண்டு போனேன். முன் மேசையில் யாரும் இல்லை. அது வெறும் மேசை, நடிப்புக்குப் போட்டது. யாராவது வருவார்கள் என்று அட்டையைக் கையில் நீட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றிருக்கிறான் உன் அப்பன். திரும்பி வந்தபோது மிஸ் ஹாலோரன் முகம் ஒரு மாதிரி இருந்தது, ஷெல்பி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்லா நடிச்சீங்களா என்று உன் அம்மாவைக் கேட்டேன். ம் என்றாள். காபி குடித்தோம், வீட்டுக்கு வந்தோம்.

உள்ளே என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஷெல்பி குரலைத் தாழ்த்தி, இங்க நாம ரெண்டு பேர்தான், இதை நான் எல்லாப் பெண்களையும் தனியா கேக்குறது வழக்கம், உங்க உடம்புல நீங்க யார்கிட்டயும் சொல்லாத ஏதாவது இருக்கா என்று கேட்டிருக்கிறாள். மாத்திரையைப் பாதியாக உடைக்கிறேன் என்று உன் அம்மா சொல்ல வேண்டும். அவள் அதை விட்டுவிட்டு, ஜனவரி மாசத்துலேருந்து எனக்கு ரத்தம் படுது, எனக்கு நின்னு பத்து வருஷம் ஆச்சு என்று சொல்லியிருக்கிறாள். ஒரு அப்பன் மகளுக்கு எழுதுகிற விஷயமா இது, ஆனால் வேறு எப்படி எழுதுவது? அந்தப் பெண்ணும் இது தாளில் இருக்கிறது என்று நினைத்து, ஒரு கேள்வி விடாமல் முழுசாகக் கேட்டு எழுதிக்கொண்டு வெளியே வந்து, டோன்யா அழுதே காட்டினாங்க, அந்த ரத்தம் விஷயத்துக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியல என்று மிஸ் ஹாலோரனிடம் சொன்னாளாம். அவர் தாளைப் புரட்டிப் பார்த்தால் ரத்தம் என்று ஒரு வரியும் இல்லை. உள்ளே ஓடி உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இது எங்க தாள்ல இல்லையேம்மா என்று கேட்க, இல்ல மிஸ், எங்கிட்டதான் இருக்கு என்றாளாம் உன் அம்மா.

ஆகஸ்டில் தேவாலயத்துப் பெண்களோடு விற்பனைக்குச் சோளமாவுத் தமாலே செய்யப் போகிறேன் என்று இரண்டு நாள் போனாள். மிஸ் ஹாலோரன்தான் தன் காரில் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கிறார். தமாலே எங்கே, எனக்கு ஒன்றுகூடக் கொண்டுவரவில்லையே என்று நான் கோபித்துக்கொண்டது வேறு. சதை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கர்ப்பப்பையின் உள்பக்கம் புற்றுநோய். எழுதிவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

உங்க வீட்டுக்காரருக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது உங்களுக்கு விருப்பம் என்று கிளினிக்கில் கேட்டதற்கு உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? வீட்ல என்னால முடியாது, அந்த அறையிலதான் எனக்குப் பேச வருது, அங்கேயே சொல்றேன் என்றாளாம். போன மாதக் கடைசி வியாழன். நான் வழக்கம்போல வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, டோன் சில்வெஸ்த்ரே தயார். உள்ளே ஷெல்பியும் மூலையில் மிஸ் ஹாலோரனும் மட்டும் இருந்தார்கள், மற்ற பிள்ளைகள் யாரும் இல்லை, பரீட்சையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஷெல்பி உன் அம்மாவைப் பார்த்து எப்படி இருக்கீங்க என்று கேட்டதும் நான் ஆரம்பித்துவிட்டேன், 'இவளுக்கு என்ன மிஸ், கழுதை மாதிரி திடமா இருக்கா, இனிப்பு ரொட்டியைப் பார்த்தா மட்டும்தான் வியாதி.' உன் அம்மா என்னைப் பார்க்காமல், எனக்கு எட்டு மாசமா ரத்தம் போகுது என்றாள். அடடே, புதுத் தாள் கொடுத்திருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்தேன். ஆனாலும் விடுவேனா, தொடையில் தட்டி 'அதெல்லாம் ஒண்ணுமில்ல மிஸ், வயசான பொம்பளைங்களுக்கு வர்றதுதான், என் அத்தைக்கும் இருந்துச்சு' என்று எடுத்துவிட்டேன். யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை, தானாகவே வந்தது. உன் அம்மா அழ ஆரம்பித்தாள். நான் மூலையில் இருந்த மிஸ் ஹாலோரனைத் திரும்பிப் பார்த்து, எப்படி எங்க நடிப்பு என்கிற மாதிரி கண்ணடித்தேன், மகளே. கண்ணடித்தேன். அப்போதுதான் உன் அம்மா, 'எவோடியோ, வாயை மூடு' என்றாள்.

முப்பத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்த அறையில் அவள் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எனக்கு அப்போதும் முழுசாக உறைக்கவில்லை, சரி சரி என்று தலையாட்டினேன். ஷெல்பி நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, ரொம்ப மெதுவாக, எங்கள் சொந்தப் பெயரையே சொல்லி, 'டோன் எவோடியோ, டோன்யா எர்லிந்தா இப்ப என்ன சொன்னாங்கன்னு எனக்குத் திருப்பிச் சொல்லுங்க' என்றாள். மூன்று தடவை கேட்டாள் அந்தப் பெண், கோபமில்லாமல். மூன்றாவது தடவைதான் நான் சொன்னேன், என் சம்சாரத்துக்கு எட்டு மாசமா ரத்தம் போகுது, அதை அவ எங்கிட்ட சொல்லல என்று. சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். புற்றுநோய் என்பதை அதற்குப் பிறகு அவளே சொன்னாள்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும், ஒளிக்க மாட்டேன். பிப்ரவரியில் என் மூட்டு வலிக்கும் அவளுடைய ரத்த அழுத்தத்துக்கும் சேர்த்து கிளினிக்குக்குப் போயிருந்தோம். டாக்டர் போனில் மொழிபெயர்க்கிற ஆளை வைத்துக்கொண்டு அவளை வரிசையாகக் கேள்வி கேட்டார். அதில் ரத்தம் படுகிறதா என்ற இந்தக் கேள்வியும் இருந்தது. இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான்தான் 'அதெல்லாம் இல்லீங்க' என்றேன். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கே நீ ஏன் சொல்லவில்லை என்று பத்து நாள் முன்னால் அவளிடம் கத்தியும்விட்டேன். நீங்கதான் சொல்லிட்டீங்களே, உங்களைப் பொய்யனாக்கவா, டாக்டர் முன்னால புருஷனை மறுத்துப் பேசுறதா என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது செலி. ஹாப்ஸ் கொடி இழுத்த காலத்தில்கூட இப்படி ஒரு களைப்பு வந்ததில்லை.

ஆபரேஷன் இந்த மாதம் 24ஆம் தேதி, யாக்கிமா பெரிய ஆஸ்பத்திரியில். கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களாம். வெளியே பரவவில்லை என்றுதான் படம் பார்த்துச் சொல்கிறார்கள், ஆனால் திறந்து பார்த்தால்தான் உறுதி, பிப்ரவரியிலேயே வந்திருந்தால் இவ்வளவு கவலை இல்லை என்று டாக்டர் சொன்னார், யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். அந்த டாக்டரைப் பார்க்கப் போன அன்றைக்கு அவள் கூப்பிட்டதால்தான் நான் உள்ளே போனேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலி இருக்கா என்று கேட்டார். உன் அம்மா பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் தெரியுமா, நான் அந்த அறைக் கூரைத் தகட்டில் இருந்த பொட்டுப் பொட்டு ஓட்டையெல்லாம் எண்ணி முடித்துவிட்டேன், நாக்கு நுனியில் பதில் வந்து வந்து நின்றது. அவளுக்கு மெதுவாகத்தான் பேச வரும். இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்கு அது தெரியாது, ஏனென்றால் நான் காத்திருந்ததே இல்லை.

உனக்குச் சொல்ல வேண்டியது, நீயும் வருஷத்துக்கு ஒரு தடவை உடம்பைக் காட்டிக்கொள், தனியாகப் போ. போன தடவை வீடியோவில் நீ சாப்பிட்டாயா என்று கேட்டேன், உன் வீட்டுக்காரன் நேதன் 'ஆச்சு ஆச்சு' என்றான். நல்ல பையன்தான், ஆனால் சாப்பாடு இறங்கியது உன் தொண்டையிலா அவன் தொண்டையிலா? இப்போதே சொல்லி வை. குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. ஷெல்பிக்கு ஒரு நல்ல கம்பளிச் சால்வை அங்கே கிடைத்தால் வாங்கி அனுப்பு, டிசம்பரில் அவளுக்குப் பட்டமளிப்பு, உயரமான பெண், நீளமாகப் பார்த்து வாங்கு.

உன் அம்மாவிடம் இந்தக் கடிதத்தை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்க, ஒண்ணு விடாம எழுதுங்க என்றாள். நீ வர வேண்டாம், பள்ளிக்கூடம் இப்போதுதான் திறந்திருக்கிறது, விமானம் மாறி மாறி வர வேண்டும், ரூபென் இருக்கிறான், நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மாவும் அதையேதான் சொன்னாள் என்று இங்கே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன் பார். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. இப்போது எழுந்து போய்க் கேட்டேன். மன்சானியாப் பூக் கஷாயத்தை ஆற்றிக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பேனாவை அங்கேயே வச்சிட்டுப் போங்க என்றாள். கீழே இடம் விட்டிருக்கிறேன். நான் வெளியே போய்த் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடுகிறேன், அவள் எழுதுவதைப் படிக்க மாட்டேன், உறையையும் அவளே ஒட்டட்டும்.

குவாடலூப்பே மாதா உன்னை வழியிலும் வீட்டிலும் காக்கட்டும். தேதி 24, காலை ஏழு மணிக்கு உள்ளே கூட்டிப்போவார்கள், அந்த நேரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்று, மறக்காதே.

உன் அப்பா
எவோடியோ சமூதியோ

செலி, அப்பா எழுதினதை முழுசும் படிச்சேன். எல்லாம் உண்மைதான். அவரை ரொம்பத் திட்டாதே, நேத்துகூட அழுதார். போன கிறிஸ்துமஸுக்கும் அதுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கும் நீ வர வேண்டாம்னு நான் சொன்னதா அவர் உனக்கு எழுதினார். நான் சொல்லவே இல்ல. எனக்குப் பயமா இருக்கு. வா.

அம்மா